ஹாலில் கடல் வைக்கப் போகிறவர்

ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடப் போகும்போது, பக்கத்து சீட்டிலிருந்து ஒருவர் கேட்பார்: "சார், உங்க ஹால் எத்தனை அடி?"

வீட்டுத் தரகர் என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய கார் ஆலையொன்றில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. வீட்டில் பவளத் தொட்டி, அதாவது உப்புத் தண்ணீரில் பவளமும் மீனும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, வைக்கப் போகிறார். "வைக்கப் போகிறார்" என்பதை அழுத்திப் படிக்கவும். தொட்டி இன்னும் வரவில்லை. தேர்வு நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் பார்த்தது இரண்டடித் தொட்டி. அதை வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. ஆனால், "சின்னத் தொட்டிதான் சார் கஷ்டம், பெரிசுதான் ஈஸி" என்று ஆரம்பித்தார். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது உண்மை. தண்ணீர் குறைவாக இருந்தால் ஒரு நாள் ஆவியாவதிலேயே உப்பு ஏறிவிடும். நம் ஊர் மே மாத வெயிலில் மத்தியானத்துக்குள் சூடும் ஏறிவிடும். நிறையத் தண்ணீர் என்றால் எல்லாம் மெதுவாக மாறும், மனிதன் சுதாரிக்கலாம். இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு அவர் தொட்டியை வளர்த்தார். பொங்கலுக்கு மூன்றடி. தமிழ்ப் புத்தாண்டுக்கு நாலுக்கு ரெண்டுக்கு ரெண்டு. பதினாறு கன அடி, சுமார் 450 லிட்டர். தண்ணீர் மட்டுமே 450 கிலோ. கல், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் தனி. தளம் தாங்குமா என்று பில்டரின் சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு, "அவ்ளோ தண்ணின்னா மொட்டை மாடியில வைங்க சார், அங்கதான் சின்டெக்ஸ் இருக்கு" என்று பதில் வந்தது.

லிட்டருக்கு 35 கிராம் உப்பு. வீட்டுக்கார அம்மா கணக்குப் போட்டுப் பார்த்தார். "பதினாறு கிலோவா? நம்ம வீட்டுல ஒரு வருஷத்துக்கு மேல வரும்ங்க."

"இது அந்த உப்பு இல்லம்மா. இதுல கால்சியம் 420 வரணும், மக்னீசியம் 1300 வரணும்."

"எனக்கும்தான் கால்சியம் கம்மின்னு டாக்டர் சொன்னாரு."

கண்ணாடியிலும் இதே கதைதான். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபெய்ன் ஆலை 2000-லிருந்து கண்ணாடி வார்க்கிறது, கூப்பிடு தூரம். ஆனால் சாதாரணக் கண்ணாடியில் இரும்பு இருக்கிறதாம், ஓரத்தில் பச்சை அடிக்குமாம், பவளத்தின் நிறம் கெடுமாம். எந்தப் பவளத்தின் நிறம்? இனிமேல் வரப்போகிற பவளத்தின் நிறம்.

ஆலையில் ஒரு பழுது வந்தால் காரணம் தேட மீன்முள் மாதிரி ஒரு படம் போடுவார்கள். ஜப்பான்காரர் இஷிகாவா கொடுத்தது. நம்மவர் மீன் வாங்குவதற்கு முன்பே, மீன் செத்துப்போனதற்கு மீன்முள் படம் போட்டு வைத்திருக்கிறார். இயந்திரம் என்ற கிளையில் கரண்ட் கட். பொருள் என்ற கிளையில் லாரித் தண்ணீர். ஆள் என்ற கிளையில் மாமியார் பெயர், எதிரே, "தீனி அதிகமாகப் போடும் வாய்ப்பு: மிக அதிகம்."

திட்டி முடிப்பதற்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் வீட்டு பால்கனியில் மூடி போட்ட ஒரு பக்கெட் இருக்கிறது. உள்ளே உப்புத் தண்ணீர், இரண்டு செராமிக் கல், ஒரு சின்ன மோட்டார். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா கல்லில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். பி ஷிப்ட் முடிந்து நடுராத்திரி வருகிறவர் சட்டைகூட மாற்றாமல், விரல் நீளக் குழாயில் பக்கெட் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டு, மூடிக் குலுக்கி, டியூப்லைட்டுக்குக் கீழே வெள்ளை அட்டைமேல் வைத்துப் பார்ப்பார். மஞ்சளா, இளம்பச்சையா? மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை. அந்த மஞ்சள் வந்த ராத்திரி எங்கள் கதவைத் தட்டிக் காட்டினார். தூக்கம் போனாலும் கோபம் வரவில்லை. நாளெல்லாம் அடுத்தவர் செய்த தப்பையே தேடுகிற மனிதருக்கு ஒரு பக்கெட் சரியாக வந்திருக்கிறது.

கோபம் போன வாரம்தான் வந்தது. "ராமேஸ்வரம் பக்கம் ஒருத்தர் கடல்லேர்ந்தே பாக்டீரியா குடியேறின உயிர்க்கல் எடுத்துத் தர்றேங்கிறார் சார், பவளத்தோட. ஆறு வாரம்லாம் காத்திருக்க வேணாம்."

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986-லிருந்து தேசியப் பூங்கா. பாறை கட்டும் பவளங்கள் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கிற அதே அட்டவணை. உயிரோடு இருந்தாலும் செத்த கல்லாக இருந்தாலும் அதைப் பெயர்த்தெடுப்பது திருட்டு. ஒரு போல்ட்டுக்குக்கூட எங்கிருந்து வந்தது என்று சான்றிதழ் கேட்கிற மனிதர், கடலைப் பெயர்த்துத் தருகிறவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பக்கெட்டில் கிடக்கும் செராமிக் கல்லே போதும், பாக்டீரியா அதிலும் குடியேறும் என்பதை அவரே நிரூபித்துவிட்ட பிறகு!

மீனுக்கும் கடலில் கை வைக்கத் தேவையில்லை. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் வட்டார மையம் உருவாக்கி வெகு காலமாகிறது. ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போகிறவர்கள் தொட்டி எத்தனை அடி என்பதை அப்புறம் பேசிக்கொள்ளுங்கள். முதலில் கேளுங்கள்: இது குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்ததா, கடலில் பிடித்ததா? பதில் சொல்லத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.