இருபத்து மூன்றால் பெருக்குபவர்

மரக்காணத்திலிருந்து போனவர் அபுதாபியில் இருந்தாலும் ஷார்ஜாவில் இருந்தாலும் ஊருக்கு அவர் துபாய்க்காரர்தான். அவரைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி உண்டு. டீக்கடைக் கட்சியின் நம்பிக்கைப்படி அவர் கண்ணாடிக் கட்டடத்தில் ஏசி காற்று வாங்கிக்கொண்டு ஒட்டகப் பிரியாணி சாப்பிடுகிறார். வீட்டுக் கட்சிக்கு, குறிப்பாக அம்மாவுக்கு, பிள்ளை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு சுகமும் காணாமல் காய்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு கட்சியும் ஒரே இடத்தில் தவறுகின்றன: சுகம் என்றால் சாப்பிடுவது, உடுத்துவது, ஊர் சுற்றுவது என்று எடுத்துக்கொள்கின்றன. துபாய்க்காரருக்குச் சுகம் உண்டு, தினமும் உண்டு. ஆனால் அது கணக்கில் இருக்கிறது. பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் இன்பம் அது.

டீயிலிருந்தே பார்க்கலாம். தங்குமிடத்து வாசலில் சேட்டன் கடையில் ஒரு கரக் சாயா 1 திர்ஹம். 2024 கடைசியில் திர்ஹம் 23 ரூபாயைத் தாண்டியது. கப் உதட்டுக்குப் போவதற்குள் பெருக்கல் முடிந்துவிடும். 23 ரூபாய்! பக்கத்தில் நிற்பவர், ‘ஐயோ பாவம், ஒரு டீயைக்கூட நிம்மதியாகக் குடிக்க முடியவில்லையே’ என்று இரக்கப்படுவார். இரக்கம் வீண். குடிக்காமல் கடையைத் தாண்டினால் நடந்த நடையில் 23 ரூபாய் சம்பாதித்தவர் ஆகிறார். அந்தச் சந்தோஷம் அறைவரை தாங்கும். குடித்தாலோ, 23 ரூபாய் டீயைக் குடித்த ஆளாகிறார். அவர் பரம்பரையில் யாரும் அந்த விலைக்கு டீ குடித்ததில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் லாபம். ஊரில் டீ குடித்தால் டீ மட்டும்தான் கிடைக்கும்.

இதைவிடப் பெரிய விளையாட்டு ரேட் பார்ப்பது. திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று முளையடித்துக் கட்டப்பட்டது. சவூதி ரியால் 1986 முதல் 3.75. ஆகவே ரூபாய் டாலரிடம் அடி வாங்கினால் வளைகுடாவில் இருப்பவருக்குத் தானாகச் சம்பளம் ஏறும். 2013 ஆகஸ்டில் டாலர் 69 ரூபாயை நெருங்கியபோது டெல்லியில் முகங்கள் வாடின. பணம் அனுப்பும் கடை வாசல்களில் வரிசை நீண்டது. தேசபக்தியில் அவர் யாருக்கும் குறைந்தவரில்லை, கிரிக்கெட் மேட்ச் அன்று பார்த்தால் தெரியும். ஆனாலும் “மச்சான், இன்னைக்கு ரேட் என்னா?” என்ற கேள்விக்கு, “ரூபா இன்னும் எறங்கிடுச்சு” என்று பதில் வரும்போது அந்த முகத்தில் தெரிவது துக்கமல்ல. சம்பளம் 1500 திர்ஹம். ரேட் இன்னும் 10 பைசா ஏறட்டும் என்று இரண்டு நாள் பொறுத்தால் 150 ரூபாய் கூடுதல். அந்த இரண்டு நாளும் சோறு இறங்காது, தூக்கம் பிடிக்காது, கைப்பேசி கையை விட்டு இறங்காது. மூன்றாம் நாள் 5 பைசா குறைந்துவிட்டால், ‘நேத்தே போட்டிருக்கணும்’ என்று ஒரு வாரம் பேசிக்கொண்டிருக்கலாம். 75 ரூபாய் நஷ்டத்தில் இவ்வளவு பேச்சு வேறெங்கே கிடைக்கும்? 2023-24இல் இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில் 10.4 சதவீதம் தமிழ்நாட்டுக்கு வந்ததாக ரிசர்வ் வங்கியின் ஆய்வு சொல்கிறது. அதற்குள் இந்தப் பத்துப் பைசாக்களும் அடக்கம்.

இது வெறும் கஞ்சத்தனம்தானே, இதற்குப் போய் இன்பம் என்று பெயர் வைப்பானேன் என்று கேட்கலாம். கஞ்சன் எண்ணுவது பெட்டியில் பூட்டி வைக்க. இவர் எண்ணுவது கையை விட்டு அனுப்ப. அதோடு கஞ்சனுக்கு எல்லாச் செலவும் வலிக்கும். இவருக்கு வலிக்காத செலவு ஒன்று உண்டு, அது மீன். கடற்கரை ஊரில் பிறந்தவரிடம் தேரா பக்கத்து மீன் சந்தையில் யாரும் ஏமாற்ற முடியாது. வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கி உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். வயிற்றில் விரலை அழுத்திப் பள்ளம் மீள்கிறதா என்று பார்ப்பார். கண் குழிந்திருக்கிறது என்று குற்றம் சொல்வார். வங்காளதேசத்து வியாபாரி இந்தியில் சத்தியம் செய்ய, இவர் தமிழில் மறுக்க, இருவருக்கும் நன்றாகப் புரிகிறது. சில நாள் அங்கத்து விலையைப் பெருக்கிப் பார்த்தாலும் ஊரின் ஞாயிற்றுக்கிழமை விலையைவிடக் குறைவாக வரும். அன்று அவரைப் பிடிக்க முடியாது. வீடியோ காலில் மீனைத் தூக்கிக் காட்டி, “என்னா வெலைன்னு சொல்லு பாப்போம்” என்று மனைவியிடம் கேட்பார். கடல் வாசலிலேயே இருந்தும் அதிகம் கொடுத்து வாங்கும் ஊரை, பாலைவனத்தில் உட்கார்ந்து ஜெயித்தாயிற்று.

எல்லா ஊர்க்காரரும்தான் பெருக்குகிறார்கள், மரக்காணத்துக்கு மட்டும் என்ன தனிப் பட்டயம் என்றால், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். பஞ்சாபியும் மலையாளியும் பெருக்குகிறார்கள். ஆனால் மரக்காணத்து உப்பளக் கரையில் வளர்ந்தவருக்கு இந்தப் பழக்கம் கொஞ்சம் முன்பே பிடிபட்டிருக்கிறது. உப்பு, பொறுமையாகக் கணக்குப் பார்க்கிறவருக்கு விளைகிற சரக்கு. உவர்நீர் பாத்தியிலிருந்து பாத்திக்கு நகர்ந்து, வெயிலில் வற்றி, அடர்த்தி டிகிரி டிகிரியாக ஏறி, சுமார் 25க்கு வந்தால்தான் உப்பு இறங்கும். 30 வரை விட்டுவிட்டால் கசப்பு சேர்ந்துவிடும். அந்த ஐந்து டிகிரிக்குள் வார வேண்டும். இத்தனை பார்த்துப் பார்த்து எடுத்தாலும் விலையைச் சொல்பவர் வியாபாரி. ஐப்பசியில் ஒரு மழை பெய்தால் பாத்தி மறுபடி தண்ணீர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இல்லாத காலத்துக்கு அரசு இப்போது 5000 ரூபாய் நிவாரணம் தருகிறது. வெயில், மழை, விலை எல்லாம் பிறர் கையில் இருக்கும் தொழிலில் மனிதன் கையில் மிஞ்சுவது கணக்கு ஒன்றுதான்.

வெயிலிலும் அவருக்கு ஒரு வரவு உண்டு. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30இலிருந்து 3 மணிவரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். உப்பளத்தில் வெயிலுக்குப் பயந்து விடியுமுன் பாத்தியில் இறங்கும் வழக்கத்தைப் பார்த்தவருக்கு, வெயிலுக்குப் பயந்து அரசாங்கமே ஓய்வு கொடுப்பது நம்ப முடியாத உபசாரம். அட்டையை விரித்து நிழலில் படுப்பவர் தூங்குவதற்கு முன் இந்த இரண்டரை மணி நேரத்தையும் ரூபாயாக்கிப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவார். காலையில் சீக்கிரம் தொடங்கி அந்த நேரத்தை ஈடுகட்டிவிட்டார்கள் என்பது கணக்கில் வராது. நல்ல கணக்குக்காரருக்கு எதைச் சேர்க்கக் கூடாது என்பதும் தெரியும்.

இந்தக் கலை உச்சம் தொடுவது பெட்டி கட்டும்போது. 30 கிலோ அனுமதி. பால்பவுடர், டாங், கோடாலித் தைலம், பாதாம், சோப்பு, மச்சினன் கேட்ட டிரிம்மர், யாரும் கேட்காத போர்வை. எடை மெஷின் மேல் பெட்டி நிற்காது என்பதால் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி தானே ஏறி, வந்த எண்ணிலிருந்து தன் எடையைக் கழிக்க வேண்டும். அறையில் உள்ள நான்கு பேரும் குனிந்து முள்ளைப் பார்ப்பார்கள். 31.4. ஒரு சோப்புக் கட்டு வெளியே வரும், மறுபடி ஏற்றம், மறுபடி கழித்தல். கடைசியில் 29.8 வந்ததும் எழும் ஆரவாரத்தைக் கேட்டால் பக்கத்து அறையில் யாருக்கோ லாட்டரி விழுந்தது என்றே நினைப்பார்கள். மிச்சம் 200 கிராமை வீணாக்கலாமா? இரண்டு சாக்லேட் உள்ளே போகும். தங்கத்துக்கு இதே போல ஒரு கணக்கு இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்த ஆண் 20 கிராம் நகை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம், ஆனால் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்றது 2016 விதி. தங்கம் ஏறிய ஏற்றத்தில், கிராமில் கொடுத்ததை ரூபாயில் பிடுங்கிக்கொண்டது சட்டம். அந்த ஒரு கணக்கில்தான் அவர் தோற்றார்.

இதெல்லாம் கைப்பேசி வந்த பிறகு வந்த புத்தி என்று ஒதுக்கவும் முடியாது. மரக்காணம் சங்க காலத்து எயிற்பட்டினம் என்றும், கிரேக்க மாலுமிக் குறிப்பு சொல்லும் சோபட்மா துறை என்றும் கருதுபவர்கள் உண்டு. இந்தக் கடற்கரைகளிலிருந்து கப்பலேறிய காலத்துச் சாட்சி எகிப்தில் செங்கடல் ஓரம் கிடைத்திருக்கிறது. குஸைர் அல்-காதிமில் எடுத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்று தமிழ் பிராமியில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷம் முந்தியவை. தங்குமிடத்துப் பொது ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த ஓடுகள் புதிதாகத் தோன்றாது. தயிர் டப்பாவிலும் மீன் குழம்புப் பாத்திரத்திலும் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருக்கும். அதே கரையில் பெரனிகேயில் கோயில் ஒன்றில் ஓர் இந்தியத் தாழி நிறைய மிளகு கிடைத்தது: 7.55 கிலோ. இன்று பல விமானங்களில் கைப்பெட்டிக்கு அனுமதி 7 கிலோ. அரைக் கிலோ அதிகம் கொண்டுபோய்க் கவுன்டரில் சமாளிக்கும் வித்தை அன்றைக்கே இருந்திருக்கிறது.

கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. ஏஜென்டிடம் கட்டிய கடன், ஒரே அறையில் அடுக்குக் கட்டில்கள், பிள்ளை நடை பழகியதைக் கைப்பேசியில் பார்ப்பது, இவற்றை வைத்துக்கொண்டு சிரிப்பது நியாயமா? இந்தச் சின்ன இன்பங்கள் அந்தக் கஷ்டத்துக்கு மருந்து என்று யாராவது சொன்னால் அது பொய். கடன் தீர வருஷங்கள் ஆகின்றன, சில இடங்களில் சம்பளமே மாதக்கணக்கில் வருவதில்லை. அதற்குச் சட்டமும் தூதரகமும்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அவரை எப்போதும் கண்ணீரோடு மட்டுமே பார்ப்பது அவர்மேல் ஏற்றப்படும் இன்னொரு சுமை. சினிமா அவரை அழவைத்திருக்கிறது, பாட்டு அழவைத்திருக்கிறது. உண்மையில் அவர் அழுகிற நேரத்தைவிட ரேட் பார்க்கிற நேரம் அதிகம். சிங்கப்பூருக்குப் போனவர்களும் அப்படித்தான். அங்கே லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பர் 8 அன்று நடந்த கலவரத்துக்குப் பிறகு மது விற்பனைக்கும் பொது இடத்தில் குடிப்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் புல்தரைக் கூட்டங்களின் உற்சாகம் பாதி போனது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் கணக்குப் பேச்சை மட்டும் விடவில்லை. பீர் பாட்டிலைத் தடுக்கலாம். டாலரை ரூபாயாக்குவதை எந்தப் போலீஸ் தடுக்கும்?

விடுப்பில் ஊருக்கு வரும்போது வாய்ப்பாடு தலைகீழாகிறது. முதல் வாரம் எல்லாவற்றையும் வகுப்பார். திண்டிவனத்திலிருந்து வந்த ஆட்டோக்காரர் தயங்கித் தயங்கி ஒரு தொகை கேட்டால், ‘எண்ணி இத்தனை திர்ஹம்தானே’ என்று மேலேயும் கொடுப்பார். கோயில் நன்கொடை, தங்கச்சி பிள்ளைகளுக்குத் துணி, பழைய சிநேகிதர்களுக்குப் பிரியாணி எல்லாம் வகுத்துப் பார்த்தால் சில்லறை. இரண்டாம் வாரம் வகுத்த விடைகளை மனைவி கூட்ட ஆரம்பிப்பார். இந்த வீட்டில் உண்மையான கணக்குப்பிள்ளை யார் என்பது அப்போது தெரியும். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், அதே ஆட்டோக்காரர் அதே தொகையைக் கேட்கும்போது, “என்னாப்பா இவ்ளோ கேக்கற? மனுசன் எங்க போவான்?” என்று பேரம் பேசுவார். வெளிநாட்டுக் காசு தீர்ந்துவிட்டது என்பதை மாமனார் வீட்டாருக்கும் முன்பே தெரிந்துகொள்பவர் அந்த ஆட்டோக்காரர்தான்.