கச்சேரி கேசட்டில் இருமலின் இடம்: ஒரு முன்னாய்வு

ராகத்தை ஆராய்ந்தார்கள், தாளத்தை ஆராய்ந்தார்கள், தியாகராஜர் எந்தக் கோயிலில் எதைப் பாடினார் என்பதையும் விடவில்லை. இருமலை மட்டும் ஒருவரும் தொடவில்லை. இப்பெருங்குறையைப் போக்கும் பொருட்டு, சென்னைப் பள்ளிக்கரணை ஃபிளாட் ஒன்றின் பரணில் உள்ள கச்சேரி கேசட்டுகளை ஆதாரமாகக் கொண்டு இக்கட்டுரை வரையப்படுகிறது.

முதலில் வரையறை. ஸ்டூடியோவில் பதிந்தது பாட்டு. சபாவில் பிடித்தது கச்சேரி. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடச் சொச்சம்தான் அடங்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியே அதற்குள் கையைக் காலை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. மனோதர்மம் என்பது நேற்றுப் பாடியதை இன்று பாடாதிருத்தல். எனவே ஒரே வித்வான் பாடிய ஒரே கீர்த்தனைக்குப் பன்னிரண்டு கேசட் வைத்திருப்பது கிறுக்கு அல்ல, ஆய்வுமுறை. (இந்த வாக்கியம் வீட்டார் கவனத்துக்கு.)

இந்த ஆய்வுமுறை நமக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்றொரு ராக் குழு இருந்தது. மேடையில் ஒரு பாட்டை எடுத்தால் நம் நிரவல், ஸ்வரம் மாதிரி அதிலேயே உலாவிக்கொண்டிருப்பார்கள். ரசிகர்கள் டேப் பிடிப்பதைத் தடுக்காததோடு, 1984இல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரி உசத்தியா இல்லையா என்று அந்த ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நம்மவர்களுக்குத் தனி இடம் ஏது? சால்வைக்கு அடியில்தான் ரெக்கார்டர். ஆனாலும் மதுரை மணி ஐயர் (1912–1968) பொழிந்த ஸ்வரங்கள் இன்று நம் காதுக்கு எட்டுவது பெரும்பாலும் யாரோ பிடித்துவைத்த கச்சேரிகளின் புண்ணியத்தில்தான்.

இனி இருமல். மார்கழிப் பனியும் இசைவிழாவும் ஒரே மாதத்தில் வருவதால் இது தவிர்க்க முடியாத பக்கவாத்தியம். வித்வான் மூச்சு வாங்கும்வரை அடக்கிவைத்து விடுவது நாகரிக இருமல். மேல் ஷட்ஜத்தில் அவர் கார்வை கொடுத்து நிற்கும்போது வெடிப்பது விஷம இருமல். பின்னதே ஆய்வாளனுக்கு உபயோகம். லேபிள் உதிர்ந்த இரண்டு கேசட்டுகளில் கார்வையின் அதே இடத்தில் அதே இருமல் கேட்டால், இரண்டும் ஒரே நாள் கச்சேரி. ராகத்தைக் கண்டுபிடிக்க ஞானம் வேண்டும். இதற்குக் காது போதும். நாற்காலிகள் கூட்டமாகக் கிறீச்சிட்டால் தனி ஆவர்த்தனம் ஆரம்பம் என்றும், கேன்டீன் பக்கத்தில்தான் என்றும் கொள்க.

சுருதி விஷயத்தில் எச்சரிக்கை. டேப்பின் வேகம் 6 சதவீதம் கூடினாலே சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். இளமையில் இந்த வித்வானுக்கு என்ன சாரீரம் என்று நான் வருஷக்கணக்கில் உருகிய ஒரு கேசட், கடைசியில் மோட்டார் கோளாறு என்று தெரிந்தது. உருகியது உருகியதுதான், திருப்பிக் கேட்க முடியாது.

இன்னொன்று, பக்கம் மாற்றும் இடம். சி-90 கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். வித்வானுக்கு அது தெரியாது. என்னிடமுள்ள தோடி ஒன்றில் தாரஸ்தாயி காந்தாரத்தில் நிற்கும்போது 'டக்' என்று அறுந்து, மறுபக்கத்தில் கீர்த்தனையின் அனுபல்லவி வரும். போன சீசனில் வேறொருவர் தோடி பாடி அதே காந்தாரத்தில் நின்றார். அறுபடவில்லை. எனக்கு ஏதோ அபஸ்வரம் கேட்டாற்போல் ஆகிவிட்டது.

கேசட்டுக்குப் பள்ளிக்கரணை ஏற்ற ஊரல்ல. 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறிய 1,247 ஹெக்டேர் சதுப்புநிலம் பூநாரைக்கும் கூழைக்கடாவுக்கும் சொர்க்கம். டேப்புக்கு ஈரம், பூஞ்சை. 2015 வெள்ளத்தில் கட்டிலடிப் பெட்டி ஒன்று போனது. மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று ஓர் ஐப்பசி ராத்திரி உட்கார்ந்தேன். ஒயர் அகப்படவில்லை, ஸ்பீக்கர் முன்னால் செல்போனை வைத்தேன். ஜன்னலைச் சாத்த மறந்தேன்.

அந்தப் பிரதி கைமாறிக் கைமாறி டொராண்டோ வரை போய்விட்டது. அங்குள்ள ரசிகர் ஒருவர் நுணுக்கமாகக் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறார்: "அபாரம் சார். பின்னணித் தவளைகளை வைத்துப் பார்த்தால் இது சபா கச்சேரி இல்லை, தெப்பக்குளத்தங்கரைக் கோயில் கச்சேரி என்று தோன்றுகிறது. எந்த ஊர்?"