கென்னடி வண்டியும் 80 சைஸ் பனியனும்

கே: என் வீட்டுக்காரர் யுகோஸ்லாவியா டீசல் இன்ஜின் பொம்மைகளாக வாங்கி ஷோகேஸில் அடுக்குகிறார். பக்கத்தில் ஈரோடு ஷெட்டே இருக்க, நம்மூர் இன்ஜினை வாங்கக்கூடாதா?
– ஒரு வாசகி, மங்கலம்

ப: பொம்மை என்று அவர் காதுபட மட்டும் சொல்லிவிடாதீர்கள், 'மாடல்' என்று சொன்னால் வீட்டில் சோறு சமாதானமாக இறங்கும்.

விஷயம் தண்டவாளத்தில் இருக்கிறது, அம்மா. உலகெங்கும் அதிகம் விற்கும் மாடல் அளவு 87-இல் ஒரு பங்கு. யுகோஸ்லாவியா இருந்த பால்கன் பகுதியின் முக்கியப் பாதை அகலம் 1,435 மில்லிமீட்டர். சுருக்கினால் கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் கச்சிதமாக உட்காரும். நம் அகலப்பாதை 1,676. அதைச் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். 95 செ.மீ. மார்புக்காரரை 80 சைஸ் பனியனுக்குள் திணிக்கிற கதை. பனியன் தைக்கும் உங்கள் ஊருக்கு விளக்க வேண்டுமா? நம் டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜின் மாடல்களும் பெரும்பாலும் அந்த இறுக்கமான பனியனோடுதான் ஓடுகின்றன.

அவர் அலமாரியில் '661' இன்ஜின் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் தயாரிப்பு. 1960-களில், அமெரிக்க அதிபர் கென்னடி காலத்தையொட்டி வந்து இறங்கியதால் யுகோஸ்லாவியாவில் அதற்குச் செல்லப்பெயர் 'கென்னடி'. அதே கம்பெனியிடம் 1962-இல் நாமும் டபிள்யூடிஎம்-4 வாங்கினோம். பேர் வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. ஆக, அவர் வாங்கியது நமக்கு ஒன்றுவிட்ட சொந்தம்தான்.

விலையைக் கேட்காதீர்கள். கேட்டாலும் பாதியைத்தான் சொல்வார்.