பதினாறு பட்டன், எட்டுக் கம்பி

2000-ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாட்டில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர் யாரையாவது பிடித்துக் கேளுங்கள். அவருடைய வகுப்பில் ஒரு குழுவாவது ‘பாஸ்வேர்டு போட்டால் திறக்கும் கதவு’ என்று ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்திருக்கும். கதவு மட்டும் இருக்காது. ஒரு ரிலே ‘டக்’ என்று சத்தம் போடும். கதவு திறந்துவிட்டதாக எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் எடுத்துக்கொள்வார். முந்தைய நாள்தான் வேறொரு கல்லூரியில் அதே ‘டக்’கைக் கேட்டுவிட்டு வந்திருப்பார். பாஸ்வேர்டு எல்லா ஊரிலும் 1234.

எங்கள் குழுவும் அதைத்தான் செய்தது. ஒருவன் சால்டரிங், ஒருவன் ரிப்போர்ட், ஒருவன் பணம், புரோகிராம் நான். வைவாவில் அதிக மார்க் வாங்கியது பணம் போட்டவன்.

சாமான் வாங்க ரிச்சி தெரு. மவுண்ட் ரோட்டை விட்டு உள்ளே நுழைந்து கடைக்காரர் முன்னால் போய் நின்றால் போதும், முகத்தைப் பார்த்தே ‘ப்ராஜெக்டா?’ என்பார். 89சி51 சிப் ஒன்று, அதற்கு நாற்பது பின் பேஸ் ஒன்று, 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று, இரண்டு 33 பிகோஃபாரட் கெப்பாசிட்டர். கிரிஸ்டலில் ஏன் இந்த விநோத எண் என்று நாங்கள் கேட்டதில்லை. கம்ப்யூட்டரோடு சீரியலில் 9600 பாட் வேகத்தில் பேச அந்த எண்தான் பிசிறில்லாமல் வகுபடும். எங்கள் கதவு யாரோடும் பேசப்போவதில்லை. இருந்தாலும் அதையேதான் வாங்கினோம். எல்லோரும் அதையே வாங்கியதால் கடைக்காரரிடம் இருந்ததும் அதுதான்.

ரெடிமேட் கீபேட் விலை அதிகம். ஆகவே பொட்டு போட்ட போர்டில் பதினாறு டேக்ட் ஸ்விட்சை நாங்களே சால்டர் செய்தோம். இந்தச் சின்ன ஸ்விட்சுக்கு நாலு கால்; ஆனால் இரண்டிரண்டாக உள்ளுக்குள்ளேயே ஒட்டியிருக்கும். தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்துவிட்டால், யாரும் தொடாமலே அந்தப் பட்டன் வாழ்நாள் முழுக்க அழுத்தியபடியே இருக்கும்.

பதினாறு பட்டனுக்கு எட்டுக் கம்பி போதும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சிப்புக்கு விரல் தெரியாது. ஒரு காலில் 5 வோல்ட் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும் தெரியும்; இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. நாலு கிடைவரிசைக் கம்பிகள் அது ஏவுபவை. நாலு நெடுவரிசைக் கம்பிகள் அது கவனிப்பவை. யாரும் எதையும் அழுத்தாதபோது கவனிக்கும் கம்பிகள் நாலும், சிப்புக்குள்ளே இருந்து மேலே இழுத்துப் பிடித்திருக்கும் புல்-அப் புண்ணியத்தில், 1-இல் நிற்கும். சிப் முதல் கிடைவரிசையை மட்டும் 0-க்கு இறக்கும். கூடவே எந்த நெடுவரிசையாவது இறங்கியதா என்று பார்க்கும். இல்லையா, அதை ஏற்றிவிட்டு அடுத்ததை இறக்கும். பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிறவர் ஒரு வரிசையாகப் போய், எந்த இலையில் கை நீள்கிறது என்று பார்ப்பதுபோல. எந்த வரிசையில் இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும், கை எங்கே நீண்டது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். போர்ட் 1-க்கு வரிசையாக அனுப்ப வேண்டிய எண்கள் எஃப்ஈ, எஃப்டி, எஃப்பி, எஃப்7. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன். மனைவியின் செல்போன் எண்ணை மட்டும் கேட்காதீர்கள்.

போர்ட் 0-இல் கீபேடை மாட்டியவர்கள் கதை வேறு. அந்தப் போர்ட்டுக்கு மட்டும் உள்ளே புல்-அப் கிடையாது. வெளியே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடாவிட்டால் கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே பட்டன் விழுந்ததாகக் காட்டும். எதிர் மேஜைக் குழு ஒரு வாரம் மின்விசிறியைச் சந்தேகப்பட்டது.

ஒரு தடவை அழுத்தினால் ஒரு தடவை அழுத்தியதாகத்தான் அர்த்தம் என்பது மனிதர்களின் நினைப்பு. உள்ளே இருக்கும் உலோகத் தகடு மோதி, எகிறி, மறுபடி மோதி, அப்புறம்தான் அடங்கும். நமக்கு அது ஒரு கணம். மைக்ரோநொடியில் வாழும் சிப்புக்கு அது நாலைந்து தனித்தனி அழுத்தல். 1 என்று அழுத்தினால் 1111 என்று நிற்கும். பவுன்ஸ் என்பார்கள். மருந்தும் எளிது: முதல் தடவை பட்டன் விழுந்ததும் 20 மில்லிநொடி கழித்து மறுபடி பார், இன்னமும் விழுந்தே இருந்தால் நம்பு. அது ஏன் 20 என்று புத்தகம் சொல்லவில்லை, சாரும் சொல்லவில்லை. பிற்பாடு ஜாக் கான்ஸில் என்ற அமெரிக்கப் பொறியாளர் பதினெட்டு வகை ஸ்விட்சுகளை ஆஸிலாஸ்கோப்பில் வைத்து அளந்து எழுதியதைப் படித்தேன். பெரும்பாலானவை சராசரியாக ஒன்றரை மில்லிநொடியிலேயே அடங்கிவிடுகின்றன. ஒன்று மட்டும் 157 மில்லிநொடி ஆடியிருக்கிறது. நல்லவேளை, அது ரிச்சி தெருவில் எங்கள் கையில் மாட்டவில்லை.

அந்த 20 மில்லிநொடியைக் கழிக்க ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப் போட்டு, எண்ணைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். 11.0592-ஐ 12-ஆல் வகுத்தால் நொடிக்கு 9,21,600 மெஷின் சைக்கிள். 20 மில்லிநொடிக்குப் பதினெட்டாயிரத்துச் சொச்சம். அத்தனையும் சும்மா இருப்பதற்கான உழைப்பு. இதை ரிப்போர்ட்டில் ‘டிலே சப்ரொட்டீன்’ என்று தனி அத்தியாயமாகப் போட்டோம்.

இதில் எரிச்சல் என்னவென்றால், எங்கள் கல்லூரி லேபிலேயே இந்த வேலையை எப்போதோ ஒரு சிப்பிடம் ஒப்படைத்திருந்தார்கள். 8085 பிராசஸர் பயிற்சிக் கிட்டில் 4100 என்ற முகவரியில் தொடங்கி 3ஈ என்று அழுத்தினால் அழகாக ஒரே ஒரு 3ஈ விழும். காரணம் அதற்குள் உட்கார்ந்திருந்த 8279. இன்டெலின் அந்தச் சிப் கீபேடைத் தானே சுற்றிப் பார்க்கும், சுமார் 10 மில்லிநொடி பொறுத்து மறுபடி சரிபார்க்கும், எட்டு அழுத்தல் வரை வரிசையில் வைத்துக்கொண்டு பிராசஸரைக் கூப்பிடும். ஆனால் அதற்கும் நாற்பது கால். கதவுக்கு ஒரு சிப், கதவின் பட்டனைப் பார்த்துக்கொள்ள அதே அளவில் இன்னொரு சிப் என்பதற்குப் பணம் போடுகிறவன் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது அக்கா மகள் அதே பிரிவில் மூன்றாம் வருடம். அவளுக்கும் ஒரு கதவு. வீட்டுக்கே வந்து சேர்ந்த ஆர்டுயினோ ஊனோ. ஸ்டிக்கர் போல ஒட்டிக்கொள்ளும் பதினாறு பட்டன் கீபேட், அதன் வாலில் எட்டுக் கம்பி ரிப்பன் கேபிள். மார்க் ஸ்டான்லியும் அலெக்சாண்டர் பிரெவிக்கும் எழுதிய லைப்ரரியைச் சேர்த்துவிட்டு ‘கெட்கீ’ என்று ஒரு வரி. ஆர்வத்தில் அந்த லைப்ரரியைத் திறந்து பார்த்தேன். அதே இறக்கல், அதே ஏற்றல், அதே பார்வை. அவர்கள் நெடுவரிசையை இறக்கிக் கிடைவரிசையைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். பவுன்ஸுக்கு வைத்திருக்கும் பொறுமை 10 மில்லிநொடி, கிட்டத்தட்ட 8279-இன் அதே பத்து. ஒரு முன்னேற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்: அது சும்மா நின்று எண்ணுவதில்லை. கடிகாரத்தைப் பார்க்கும், நேரம் ஆகவில்லையென்றால் வேறு வேலைக்குப் போய்விடும். ஆக எங்களுக்கு முந்தியவர்களுக்கு ஒரு சிப், பிந்தியவர்களுக்கு ஒரு லைப்ரரி. கையால் எண்ணியது நடுவில் மாட்டிய நாங்கள்தான். அதை வைத்துக்கொண்டு கல்யாண வீடுகளில் என்ன பேச்சுப் பேசியிருக்கிறேன்!

“மாமா, 1 அழுத்தினா டி வருது.”

“5 அழுத்தும்மா.”

“9 வருது. ஏ மட்டும் ஒழுங்கா ஏ வருது.”

இப்படி ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தேன். “தொடாத, மல்டிமீட்டர் எடுத்துட்டு வரேன்” என்று உள்ளே போனேன். எந்தப் பட்டன் எந்த இரண்டு கம்பியைச் சேர்க்கிறது என்று ‘பீப்’ சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது எங்கள் காலத்து வித்தை. மீட்டரில் ஒன்பது வோல்ட் பேட்டரி செத்திருந்தது. வேறு தேடி எடுத்து வருவதற்குள் சரிசெய்துவிட்டாள். ரிப்பன் கேபிளைத் தலைமாற்றி மாட்டியிருக்கிறாள். அதைத் தொடாமலே புரோகிராமில் இரண்டு வரியில் எண்களைத் திருப்பிப் போட்டிருக்கிறாள்.

“கேபிளையே திருப்பி மாட்டியிருக்கலாமே?”

“கீபேடை ஒட்டியாச்சு மாமா.”

வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று காகிதத்தில் கட்டம் போட்டேன். கேபிள் தலைமாறினால் முதல் கிடைவரிசை கடைசி நெடுவரிசையாகும், கடைசி நெடுவரிசை முதல் கிடைவரிசையாகும். பன்னிரண்டு பட்டன்கள் பொய் சொல்லும். மூலைக்கு மூலை சாய்வாக விழும் நாலு மட்டும், அதாவது ஏ, 6, 8, நட்சத்திரக் குறி, எப்படி மாட்டினாலும் தம் இடத்திலேயே நிற்கும். “6868-னு பாஸ்வேர்டு வச்சா, கேபிளை எந்தப் பக்கம் மாட்டினாலும் கதவு திறக்கும்” என்றேன்.

காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். போனில் படம் எடுத்துக்கொண்டாள். மறுவாரம் ரிப்போர்ட்டைக் காட்டியபோது அதில் ‘இணைப்புத் தவறினாலும் இயங்கும் பாதுகாப்பு வசதி’ என்று புதிதாக ஒரு தலைப்பு இருந்தது. படத்தோடு ஒன்றரைப் பக்கம் நிரம்பியிருந்தது.