மாணவர் குறும்படத்தில் மின்விசிறி: ஒரு முதற்கட்ட ஆய்வு

விஸ்காம் மாணவர்களின் குறும்படங்களைப் பற்றிப் பேசுவோர் கதை, கேமரா, நடிப்பு என்று எல்லாவற்றையும் அலசுவர். தலைக்கு மேலே தொங்குவதை நிமிர்ந்து பார்ப்பாரில்லை. அக்குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வெல்லை: சென்னை, ஏப்ரல் மாதம், யாரோ ஒரு நண்பனின் வீட்டு ஹால்.

விசிறி ஓடினால் மைக்கில் இரைச்சல் விழும். நிறுத்தினால் நாயகன் முகத்தில் வியர்வை வழியும். ஏசி உண்டே எனின், ஏசி உள்ள வீட்டார் ஷூட்டிங்குக்கு வீடு தரார் என மறுக்க.

ஓடவிடுக என்பார் ஒரு சாரார். சத்தத்தை எடிட்டிங்கில் எடுத்துவிடலாம் என்பது அவர் துணிபு; இவர்கள் எடிட்டிங்கில் இன்னும் உட்காராதவர்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருள், இரைச்சலில் கொஞ்சம் மாதிரி எடுத்துவைத்துக்கொண்டு, அதே அலைவரிசைகளைப் படம் முழுக்கக் குறைக்கும். கதாநாயகியின் குரலிலும் அவை உண்டாதலால் விசிறியோடு அவளும் பாதி போய்விடுவாள். மீதிக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். போதாக்குறைக்கு ரெகுலேட்டர் ஒரு ஷாட்டில் 3-லும் அடுத்ததில் 5-லும் இருந்திருக்கும். இத்தகைய வெட்டுகளை ஒட்டுப்போடவே, யாரும் பேசாமல் வெறும் அறையின் ஒலியை அரை நிமிடம் பதிந்துகொள்ளும் வழக்கம் தொழிலில் உண்டு. 'ரூம் டோன்' என்பர். மாணவர் படங்களில் அந்த அரை நிமிடத்தில் "மச்சி, முடிஞ்சுதா?" என்ற வசனம் தவறாமல் பதிவாகும்.

திரையில் வெளிச்சம் துடித்தாலும் விசிறியையே பழிப்பர். அது அடாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். ஷட்டரை 1/60-இல் வைத்தால் படத்தில் பட்டை ஓடும், 1/50-க்கு மாற்றினால் அடங்கும். இவ்வழக்கில் விசிறி நிரபராதி.

நிறுத்துக என்பார் மறுசாரார். நம் கருதுகோள் இவர்களிடமிருந்தே பிறக்கிறது. ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், நடிகர் மொசூகினின் சலனமற்ற முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்ட, பார்த்தோர் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டனர் என்பது வரலாறு. நம் நாயகன் முகமோ நனைந்திருக்கிறது. நனைந்த முகத்தோடு எதை ஒட்டினாலும் பயம்தான் தெரியும். ரோஜாப்பூ நீட்ட வந்தவன் கந்துவட்டிக்காரனிடம் மாட்டியவன் ஆகிறான். எழுதியது காதல் கதை, எடிட்டிங்கில் வந்தது சஸ்பென்ஸ் த்ரில்லர். மாணவர் படங்களில் த்ரில்லர் மலிந்திருப்பதற்குக் கொரிய சினிமா காரணமன்று, சுவிட்ச் போர்டே காரணம் என்பது நம் முடிபு. இடையில் எவனாவது கர்சீப்பால் துடைத்துவிட, ஒரே வசனத்துக்குள் முகம் காய்ந்து மறுபடி நனையும். அதற்கு 'ஜம்ப் கட்' என்று பெயர் சூட்டி, அவ்வகை வெட்டுக்குப் பேர்போன, 1960-இல் வந்த கோதாரின் 'பிரெத்லெஸ்' படத்தைச் சாட்சிக்கு அழைப்பர்.

விசிறியை நடிகனாகவே ஆக்கியோரும் உளர். 1979-இல் வந்த 'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் தொடக்கத்தில், சைகான் ஓட்டல் அறை விசிறியோடு ஹெலிகாப்டர் ஒலி கலக்கும். ஒலியமைத்தவர் வால்டர் மர்ச். அதைப் பார்த்தது முதல் நம்மவரும் படத்தை விசிறியிலிருந்தே தொடங்குகின்றனர். மர்ச் கிடைக்காத காரணத்தால் விசிறி விசிறியாகவே ஒலிக்கிறது.

இரு சாராரும் கடைசியில் வந்து சேரும் இடம் டப்பிங். ஸ்டுடியோ வாடகைக்கு வழியற்றோர், ஹாஸ்டல் அறையில் கம்பளிப் போர்வைக்குள் மொபைலோடு புகுந்து பேசுவர். கம்பளி எதிரொலியை உறிஞ்சும் என்பது சரியான அறிவியலே. அங்கும் விசிறி நிறுத்தப்பட்டிருக்கும். மூச்சுமுட்டப் பேசிய அக்குரல், திரையில் வியர்த்த முகத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துவது கண்டு வியந்த வைவா தேர்வாளர் ஒருவர், "மெத்தட் ஆக்டிங்கா?" என்று வினவ, "ஆமா சார், ஒரு மாசம் ஒர்க்‌ஷாப் வெச்சோம்" என்றார் இயக்குநர்.