ரசீதில்லாமல் வாங்கிய காற்று

கடற்கரைக்குச் சென்று காற்று வாங்கிவருவது என்று நம்மவர்கள் தொன்றுதொட்டுச் சொல்லிவரும் வழக்கில், வாங்கப்படும் சரக்கு இன்னதென்று தெரிகிறதே தவிர, விற்றவர் யார், விலை என்ன, ரசீது எங்கே என்பவை ஒன்றும் விளங்காமையால், கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் புரட்டிப் புரட்டியே தலை நரைத்துப்போன என்னைப் போன்றவனுக்கு அந்தக் கொள்முதலின்மேல் ஆதியிலிருந்தே ஒரு சந்தேகம் உண்டு. ஆயினும் சந்தேகம் வேறு, ஆசை வேறு. ஐம்பத்தாறு வயதுக்குள் ஒரு தடவையாவது, கடலைப் பார்த்த தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலியைப் போட்டு, ஒருவருக்கும் பதில் சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல், ஒரு சாயங்காலம் முழுவதும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்னும் ஆசை என் அந்தரங்கத்தில் பல வருஷங்களாக இருந்துவந்தது.

தணிக்கை உத்தியோகஸ்தன் ஒருவன் முகாம் சென்றால், எத்தனை மணிக்கு எந்தப் பஸ்ஸில் ஏறினான், எங்கே இறங்கினான், அங்கே என்ன செய்தான் என்பதையெல்லாம் பயண நாட்குறிப்பில் எழுதி மேலதிகாரியிடம் ஒப்புவிக்க வேண்டும். அந்த நாட்குறிப்பில் 'சும்மா இருந்தேன்' என்று எழுதுவதற்கு எந்த விதியிலும் இடம் இல்லை. சும்மா இருப்பதே பரம சுகம் என்று உபதேசித்த மகான்கள் ஒருவருக்கும் பயணப்படிப் பட்டியல் போடவேண்டிய நிர்ப்பந்தம் நேர்ந்ததில்லை என்பது என் அபிப்பிராயம். ஆகவே, பொறையாற்றுப் பக்கத்தில் ஒரு வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தணிக்கை செய்ய எனக்கு உத்தரவு வந்ததும், அந்தச் சங்கத்துக்குக் கூப்பிடு தூரத்தில் தரங்கம்பாடி இருப்பதையும், அங்கே வெள்ளைக்காரர் காலத்துப் பழைய மாளிகை ஒன்று கடலோரத்தில் விடுதியாக மாறியிருப்பதையும் நினைத்து, புதன் முதல் வெள்ளி மத்தியானம் வரை சர்க்காருக்கு, வெள்ளி சாயங்காலம் முதல் சனிக்கிழமை காலை வரை எனக்கு என்று பாகப்பிரிவினை செய்துகொண்டேன். விடுதி வாடகை என் சொந்தப் பணம். விடுமுறை என் சொந்த விடுமுறை. இதில் ஒரு காலணா குற்றமும் இல்லை. இருந்தும், அறைக்கு முன்பதிவு செய்வதற்காகத் தொலைபேசியில் பேசியபோது, பக்கத்து மேஜைக்காரர் காதில் விழாதபடி நான் குரலைத் தாழ்த்திக்கொண்டது ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

என் மனைவி, கடலில் குளிப்பதற்கென்று நீல நிறத்தில் ஒரு அரை நிஜார் வாங்கி, அதைப் பெட்டி போட்டு மடிப்பும் எடுத்து, தணிக்கைக் கோப்புகளுக்கு அடியில், மேலே ஒரு துண்டைப் போட்டு மறைத்து வைத்தாள். "இந்த வயசிலே இதைப் போட்டுக்கிட்டு நீங்க நிக்கிறதை அந்தச் சங்கத்துக்காரங்க யாரும் பாத்துடப் போறாங்க" என்று எச்சரிக்கையும் செய்தாள். தீர்க்கதரிசனம் என்று சொல்லலாம். ஆனால் அவள் அஞ்சிய வகையில் அது பலிக்கவில்லை.

புதனும் வியாழனும் வழக்கம்போல் கழிந்தன. நகைக் கடன் பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே இருப்பது காசுமாலையா கல் அட்டிகையா என்று பதிவேட்டோடு ஒப்பிட்டு, நிறுத்து, மறுபடியும் கட்டி அரக்கு முத்திரை வைத்து முடிப்பதற்குள் கழுத்து மரத்துவிடும். வெள்ளிக்கிழமை காலையில் வேலை முடியும் தறுவாயில், காபி கொண்டுவந்த கடைநிலை ஊழியரிடம், "இங்கிருந்து தரங்கம்பாடிக்குப் பஸ் எத்தனை மணிக்கு?" என்று நான் கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அடுத்த ஐந்து நிமிஷத்துக்குள், செயலாளர் உள் அறைக்கும் வெளி அறைக்குமாக மூன்று தரம் நடந்தார்; இரும்புப் பெட்டியைத் திறந்தார், மூடினார்; தலைவருக்குத் தொலைபேசியில் எதையோ வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்.

பிறகு என் எதிரே வந்து நின்று, "ஐயா தரங்கம்பாடிக்கா? அங்கே நம்ம சங்கத்து உறுப்பினர் யாரும் இல்லீங்களே?" என்றார்.

"சும்மாதான் போகிறேன்" என்றேன்.

தணிக்கையாளன் வாயிலிருந்து 'சும்மா' என்னும் சொல் வந்தால் அதைப் போலப் பீதி தருவது வேறொன்றும் இல்லை என்பதை நான் அப்போது உணரவில்லை. நான் எவ்வளவு மறுத்தும் கேளாமல், தாமே ஒரு காரை வரவழைத்து, என்னோடு தாமும் ஏறிக்கொண்டு, மடியிலே ரொக்கப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டார். "கேட்டா உடனே காட்டலாம் பாருங்க" என்று காரணமும் சொன்னார்.

தரங்கம்பாடிக்குள் நுழைகையில் ஒரு பழைய வாசல் வருகிறது; டென்மார்க்குக்காரர்கள் 1792-இல் கட்டியது. அதைத் தாண்டினால், தெருவின் ஓசை சட்டென்று அடங்கி, கோடியிலே கடல் தெரிகிறது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அநுமதி பெற்று அவர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை மணல் நிறத்தில் நிற்கிறது. 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியார் தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அச்சிட்டதும் இந்த ஊரிலேதான். மயிலாடுதுறையிலிருந்து 1926-இல் வந்து சேர்ந்த ரயில் 1986-இல் நின்றுபோயிற்று. இவற்றையெல்லாம் நான் ரசிக்க முயன்றேன். ஆனால் தொழில் புத்தி விடுமா? 1845-இல் டென்மார்க்குக்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றார்கள் என்று படித்திருக்கிறேன். இரண்டு இனங்களை ஒரே தொகையில் அடக்கிவிட்டு, எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாத அந்தப் பத்திரம் என் மேஜைக்கு வந்திருந்தால், நிச்சயமாக ஒரு தணிக்கைத் தடை எழுதியிருப்பேன். வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தது. அதில் ஒரு பெரும் பகுதியைக் கடல் வாங்கிக்கொண்டுவிட்டது. ரசீது கொடுக்காமல் வாங்கும் வழக்கம் இங்கே கடலுக்கும் உண்டு போலும். இவ்வூர்க் காற்றில் ஓசோன் அதிகம் என்று உள்ளூரார் பெருமை பேசுகிறார்கள். அளந்து இருப்புப் பதிவேட்டில் ஏற்றியவர் யார் என்று கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

விடுதியில் எனக்குக் கிடைத்த தாழ்வாரம் நான் கனவு கண்டபடியே இருந்தது: பருத்த தூண்கள், பிரம்பு நாற்காலி, கருங்கல் அணைக்கு அப்பால் கடல். ஒரே ஒரு வித்தியாசம், பக்கத்தில் இன்னொரு நாற்காலியும் அதன் நுனியில் செயலாளரும் இருந்தார்கள். "நீங்கள் போய்வரலாம்" என்று நான் நாலு தரம் சொன்னேன். "பரவாயில்லீங்க ஐயா" என்று அவர் ஐந்து தரம் சொன்னார். நீல நிஜாரைப் பற்றிய எண்ணத்தை அத்துடன் கைவிட்டு, பூட்ஸையும் கழற்றாமல், கடலையே பார்த்தபடி மௌனமாக இருந்தேன்.

என்னைப் பொறுத்தவரை அது வெறும் மௌனம். ஓர் அலை வருகிறது, மடிகிறது, நுரை மணலில் ஊறுகிறது, அடுத்தது வருகிறது. இப்படி இருபது அலை பார்த்திருப்பேன். ஆனால் என் பக்கத்திலே இருந்தவருக்கோ அது விசாரணையாகவே பட்டிருக்கிறது. போலீஸ்காரர் அடித்துக் கேட்டாலும் சொல்லாதவர்கள், ஒருவன் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் சொல்லிவிடுவார்கள் என்பதை அன்று கண்டேன். அரை மணி நேரம் ஆவதற்குள் அவர் நெற்றியில் வியர்வை அரும்பிற்று. ரொக்கப் புத்தகத்தின் அட்டைக்குள்ளிருந்து ஒரு சீட்டை உருவினார்.

"ஐயாவுக்கு முன்னாடியே தெரிஞ்சுதான் இங்கே கூட்டியாந்திருக்கீங்க. நான் மறைக்க விரும்பலை. இதுதாங்க அது" என்று நடுங்கும் கையால் நீட்டினார்.

நான் கை நீட்டுவதற்கும் அவர் கையை விடுவதற்கும் இடையே காற்று புகுந்துகொண்டது. ஆடி மாதம் பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்த சமயம். கடற்காற்று வாங்க வந்த எனக்கு அன்று சாயங்காலம் வரையில் வாய்த்ததெல்லாம் நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும் மேல்காற்றுத்தான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் சங்கத்துச் சீட்டு எம்மாத்திரம்? அது தூணைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் செய்து, படிகளில் இறங்கி, மணலில் ஓடிற்று. பின்னாலே செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அவருக்குப் பின்னால், மூலச் சீட்டு தொலைந்தால் பொறுப்பு யாருடையது என்னும் ஒரே சிந்தனையோடு நான் ஓடினேன். கோட்டை பார்க்க வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அணைக் கல்லைச் சுற்றிக்கொண்டு அது தண்ணீரில் விழவும், நான் பூட்ஸோடும் கால்சட்டையோடும் முழங்காலளவு கடலில் இறங்கவும், அடுத்த அலை என்னை இடுப்பளவுக்கு நனைக்கவும் சரியாக இருந்தது. சீட்டைப் பிடித்துவிட்டேன்.

தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவரில் ஒரு சோழியைப் பாரமாக வைத்து அதை உலர்த்தினோம். பால்பாயிண்ட் எழுத்து நின்றது. சங்கத்தின் ரப்பர் முத்திரை மட்டும் ஊதா நிறமாகக் கரைந்து, ஓரத்திலே படர்ந்திருந்தது. படித்தேன்: செலவுச் சீட்டு எண் 212, உரக் கிடங்குக்கு எலிப் பாஷாணம் வாங்கிய வகையில் ரூ.1,840.

"இவ்வளவு பாஷாணமா?" என்றேன்.

செயலாளர் தலை குனிந்தார். "பாஷாணம் இல்லீங்க. போன வருஷம் தணிக்கைக்கு வந்தவங்களுக்கு மூணு நாள் சாப்பாடு. வஞ்சிரம் வறுவல், எறாத் தொக்கு, எளநீ. எந்தத் தலைப்பிலே எழுதறதுன்னு தெரியலை."

போன வருஷம் தணிக்கைக்கு வந்தவன் நானேதான். அந்த வறுவலின் ருசி அக்கணமே என் நாவில் மீண்டது. செயலாளர் வீட்டில் செய்த உபசாரம் என்று நம்பி, அவருடைய தர்மபத்தினியின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டும் வந்திருந்தேன். கிடங்கு எலிகளுக்கு உரிய பாத்தியதையை மூன்று நாள் அநுபவித்தவன் என்ற முறையில், ஈரக் கால்சட்டை காலோடு ஒட்ட, பணப்பையைத் திறந்து எண்ணினேன். விடுதி வாடகைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த தொகையிலிருந்து ரூ.1,840 எடுத்துச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்று மன்றாடினார். நான் ரசீது கேட்டேன். ரசீதுப் புத்தகத்தையும் அவர் கொண்டுவந்திருந்தார். அங்கேயே, அலையோசைக்கு நடுவில், 'எலிப் பாஷாணம் வகையில் திரும்ப வரவு' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். வாடகைக்குப் பணம் போதாமையால் இரவு தங்காமலே, அரை நாள் வாடகையை மட்டும் கட்டிவிட்டு, அவருடைய காரிலேயே மயிலாடுதுறை சென்று கடைசிப் பஸ்ஸைப் பிடித்தேன்.

வீட்டில் என் மனைவி பையைப் பிரித்தாள். கால்சட்டை உப்புப் பூத்து விறைத்திருந்தது. பூட்ஸைக் கவிழ்த்தால் கால்படி மணல் கொட்டிற்று. நீல நிஜார் மட்டும் பெட்டி போட்ட மடிப்புக் கலையாமல் கோப்புகளுக்கு அடியில் கிடந்தது. அவள் அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நாட்குறிப்பில் அன்றைய சாயங்காலத்துக்கு எதிரே, நெடுநேரம் யோசித்து, 'தரங்கம்பாடி: சீட்டு ஒன்று நேரில் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதினேன். பயணப்படி கோரவில்லை. மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, தலைமையிடத்தைத் தாண்டிப் போய்ச் சரிபார்க்கும் என் சிரத்தையை அலுவலகக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார்.

இந்த வருஷம் அந்தச் சங்கத்துக்கு வேறொரு தணிக்கையாளர் போயிருக்கிறார். இளைஞர், கெட்டிக்காரர், சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு போகிறவர். சென்ற மாதம் அவரிடமிருந்து எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. செலவுச் சீட்டு எண் 212-இல் உப்புப் படிந்திருப்பதற்கும், கிடங்கு எலிகளுக்கு ஆன செலவைத் தணிக்கை அலுவலர் தம் கைப்பொருளிலிருந்து திருப்பிச் செலுத்தியிருப்பதற்கும் தக்க விளக்கம் கோரப்படுகிறது. நான்கு வரைவுகள் எழுதிக் கிழித்துவிட்டேன். ஐந்தாவது என் மேஜைமேல் இருக்கிறது, பறந்துபோகாதபடி அந்தச் சோழியைப் பாரமாக வைத்திருக்கிறேன்.