வதிவிட விருந்தினருக்கான தகைமைகள்

கட்டுப்பாட்டாளர் நாயகம்,
குடிவரவு குடியகல்வுத் திணைக்களம்,
சுஹுருபாய, பத்தரமுல்லை.

விடயம்: பெயர்பெற்ற பிறநாட்டாருக்கு வதிவிட வீசா வழங்கும் முறையும், அதே அளவுகோலை மட்டக்களப்பு வாவிக்கரைப் பெண்களுக்கும் பொருத்துதலும்

பெயர்பெற்ற பிறநாட்டாரை இலங்கையில் தங்கவைக்கும் வழக்கம் திணைக்களத்தைவிட வயதில் மூத்தது. 1602 மே மாதக் கடைசியில் ஒல்லாந்தக் கப்பற்தலைவர் ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்திறங்கினார். கையில் படிவம் எதுவும் இல்லை. கண்டிக்குப் போய் முதலாம் விமலதர்மசூரிய மன்னனைக் கண்டார், வரவேற்பும் கிடைத்தது. போர்த்துக்கேயரை விரட்ட ஆள் வேண்டும் என்பதே அன்றைக்குத் தகைமை. 1638இல் ஒல்லாந்தர் திரும்பி வந்து வாவிக்கரைக் கோட்டையையே பிடித்துக்கொண்டார்கள். அனுமதிக் காலம் கடந்து தங்கியவர்களின் பதிவேடு ஒன்று திணைக்களத்தில் இருக்குமானால் அதன் முதற்பக்கம் இவர்களுக்கு உரியது.

1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட ஆங்கிலேயர் ரொபட் நொக்ஸுக்கு வதிவிடம் கேளாமலே கிடைத்தது. அவருக்கு வெளியேறுவதுதான் பாடாகப் போயிற்று. தப்பியோட 19 ஆண்டுகள் பிடித்தன. 1814இல் வந்த மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் தொடங்கி, மறு ஆண்டே இறந்துபோனார். அவரிடம் வேலை அனுமதிப் பத்திரம் கேட்டார் எவருமில்லை. அந்தப் பள்ளிக்கூடம் மத்திய கல்லூரியாக இன்றும் நடக்கிறது. எதிர்த்திசையிலும் அப்படித்தான்: காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1931இல் சிதம்பரம் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானபோது, இரு கரையும் ஒரே முடியின் கீழ் இருந்தன.

தடுப்புக் கம்பி விழுந்தது 1948இல். அவ்வாண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தோடு, யார் எவ்வளவு காலம் தங்கலாம் என்பது முத்திரைக் குற்றியின் கைக்குப் போயிற்று. புகழ் அந்தக் குற்றியை எப்படி இளக்கும் என்பதற்குச் சிறந்த பாடம் ஆர்தர் சி. கிளார்க். விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளரான அவர் 1956இல் வந்தார். கடலடி நீச்சல் அவருக்குப் பித்து. அவரும் மைக் வில்சனும் திருகோணமலையில் கோணேசர் கோயிலின் இடிபாடுகளை நீருக்கடியில் கண்டதும் அவ்வாண்டில்தான். 1975இல் அரசு அவருக்கு ‘வதிவிட விருந்தினர்’ தகுதி வழங்கியது. 2008இல் கொழும்பில் இறக்கும்வரை இந்நாடே அவருக்கு வீடு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆளைப் பார்த்துச் சட்டம் வளைந்து கொடுக்கும், வளைந்தும் நாடு கெட்டுவிடாது என்று திணைக்களமே நிரூபித்திருக்கிறது. இக்கடிதத்தின் வாதமும் அதுவே.

பிறநாட்டுப் பிரபலங்களை வரவேற்றதால் வாவிக்கரைக்குக் கிடைத்த நிச்சயமான லாபம் ஒன்றும் உண்டு. டேவிட் லீன் குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய தன் படத்தை இலங்கையில் எடுத்துக்கொண்டிருந்தபோது, பள்ளிச் சுற்றுலாவில் போய் அதைப் பார்த்த மட்டக்களப்பு அமிர்தகழிப் பையன், பிற்காலத்தில் இந்தியாவில் இயக்குநர் பாலு மகேந்திரா ஆனான்.

பின்னர் புகழுக்குப் பதில் பணமும் செல்லும் என்று ஆயிற்று. 2022இல் வந்த ‘கோல்டன் பரடைஸ்’ வீசாவுக்கு 1,00,000 டொலரை வங்கியில் வைப்பிலிட்டால் 10 ஆண்டு தங்கலாம். 2024 ஏப்ரலில் வருகை வீசா வேலை வெளிநாட்டுக் கம்பனிக் கூட்டொன்றிடம் போனது. ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. உத்தரவை நிறைவேற்றாத அப்போதைய கட்டுப்பாட்டாளர் நாயகம் செப்டெம்பரில் விளக்கமறியலுக்குப் போனார். அரசின் செலவில் தங்கும் வதிவிட விருந்தினர் பட்டியலில் அவரும் சேர்ந்தார்.

மற்ற நாடுகளும் இதே வழிதான். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் ‘அசாதாரணத் திறமை’ உள்ளவர்களுக்கென்று ஓ-1 வீசாவை உண்டாக்கியது. பெரிய சர்வதேச விருது ஒன்றிருந்தால் போதும். இல்லாதவர் பத்திரிகைச் செய்தி, உயர்ந்த சம்பளம் போன்ற சான்றுகளை அடுக்க வேண்டும். ஐக்கிய அரபு இராச்சியத்தின் கோல்டன் வீசா கமல்ஹாசனுக்கு 2022இலும் ரஜினிகாந்துக்கு 2024 மே மாதத்திலும் கிடைத்தது. அதற்கு உள்ளூர்ப் பொறுப்பாளர் எவரும் வேண்டியதில்லை.

அதே இராச்சியத்துக்கு ஏறாவூரிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் பெண்கள் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்குப் பொறுப்பாளர் கட்டாயம். அந்த வீட்டுக்காரரை விட்டு வேலை மாறுவது எளிதல்ல. இங்கிருந்து கிளம்பவும் 2013 முதல் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கப்பட்டது. பிள்ளையை யார் பார்ப்பது என்று பொறுப்பேற்பவர் ஒப்பமிட வேண்டும், பிரதேச செயலகம் பரிந்துரைக்க வேண்டும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் பயணமே இல்லை. 2022இல்தான் இது தளர்ந்தது. பிரபலங்கள் எவரிடமும் வீட்டில் பிள்ளைக்குச் சோறு தீத்துவது யார் என்று ஒரு நாடும் கேட்டதில்லை. தன் பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு இன்னொருத்தியின் பிள்ளையைத் தூங்கவைப்பது அசாதாரணத் திறமை இல்லையென்றால், அந்தச் சொற்றொடருக்கு வேறு என்ன பொருள் என்பதைத் திணைக்களம் விளக்கலாம்.

டொலர்க் கணக்கிலும் இவர்கள் பின்தங்கவில்லை. 2024இல் வெளிநாடுகளில் வேலை செய்யும் இலங்கையர் நாட்டுக்கு அனுப்பியது சுமார் 6.6 பில்லியன் டொலர். சுற்றுலா வருமானத்தின் இரு மடங்கு. ஒருத்தி மாதம் 250 டொலர் அனுப்புகிறாள் என்று வைத்தால் பத்தாண்டில் 30,000. ஓர் ஒழுங்கையில் அப்படி நாலு பேர் இருந்தாலே கோல்டன் பரடைஸ் தொகை தாண்டிவிடும். பிறநாட்டார் வைப்பிலிட்டது அவர்கள் பெயரிலேயே கிடக்கிறது. இவர்கள் அனுப்பியது சீமெந்தாகவும் பள்ளிச் சப்பாத்தாகவும் இங்கேயே கரைந்துவிடுகிறது. ஆனாலும் அதே 2024இல் கடவுச்சீட்டுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 300 கிலோமீட்டருக்கு மேல் இரவு பஸ்ஸில் வந்தவர்களுக்குச் சுஹுருபாய வாசல் நடைபாதையில் விரிக்கப் பழைய பேப்பர்தான் மிஞ்சியது.

ஆகவே, 1975இல் ஒருவருக்குக் காட்டிய தாராளத்தில் ஒரு துண்டையாவது வாவிக்கரைப் பெண்களுக்கும் நீட்டுமாறு கோரப்படுகிறது. வதிவிட விருந்தினர் என்ற பட்டம் வேண்டாம். கடவுச்சீட்டு வேலையை மட்டக்களப்பிலேயே முழுதாக முடித்துக் கொடுத்தால் போதும். அதுவரைக்கும் பத்தரமுல்லை வாசலில் ஒரு கூரையும் சில வாங்குகளும் போட்டுத் தரவும்.

இங்ஙனம்,
வாவிக்கரையார்